பழைய பேனாக்கத்தி சேர்க்க எதில் தொடங்கலாம்: ஷெஃபீல்டா, சோலிங்கனா, சுவிஸா, ஒட்டுக்கத்தியா?

"அண்ணா, பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வெச்சிருக்கேன். பழைய பேனாக்கத்தி சேர்க்கலாம்னு ஆசை. எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று பர்கூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன்: ஒட்டுக்கத்தி. மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுகிற கத்தியா என்று சிரித்தார். அவர் மனதில் இருந்தது விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக் கத்தி, இல்லையென்றால் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி. அதிலும் தப்பில்லை. ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் உட்கார்ந்துகொண்டு சேர்க்கத் தொடங்குகிறவருக்கு என் வரிசை வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

எந்த வகையை எடுத்தாலும் விலை போடும் முறை ஒன்றுதான், அதை முதலில் பார்த்துவிடலாம்.

பழைய கத்தியின் விலையில் பெரும்பங்கு அலகில் இருக்கிறது. சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அலகு எவ்வளவு பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் விலை போகாது. அலகின் அடியில், கூர் தொடங்குவதற்கு முன், சாணைக்கல் படாத ஒரு சிறு பகுதி இருக்கும். அங்கே உள்ள அகலத்தையும் நடுவில் உள்ள அகலத்தையும் ஒப்பிடுங்கள். நடுவில் குழி விழுந்ததுபோல உள்வாங்கியிருந்தால் அலகு நிறைய போய்விட்டது. அடுத்து, கத்தியை மூடிப் பாருங்கள். அலகின் நுனி பிடியின் முனை வரை போகாமல் நடுவிலேயே நின்று, அதற்கப்புறம் வெறும் பள்ளம் தெரிந்தால் நுனி உடைந்து மறுபடி தீட்டப்பட்டது. திறக்கும்போதும் மூடும்போதும் "டப்" என்று சத்தம் வரவேண்டும். சோம்பலாக மூடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே அழுக்கு உறைந்தும் இருக்கலாம். அழுக்கு என்றால் கவலையில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பாதி விலை பேசுங்கள். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ரிவிட் தேய்ந்துவிட்டது.

அப்புறம் முத்திரை. அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில் கம்பெனி பெயரும் ஊர் பெயரும் அடித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிக் குழைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குழைந்திருந்தால் யாரோ பஃப் மெஷினில் போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். வியாபாரிகள் "நல்லா பாலிஷ் போட்டு வெச்சிருக்கேன் சார்" என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். சேர்ப்பவர் கண்ணுக்கு அது சேதம். பழைய கார்பன் எஃகில் படிகிற சாம்பல் நிறக் கருமையை விரும்பித்தான் வாங்குகிறார்கள். சிவந்த துரு வேறு, இந்தக் கருமை வேறு.

இணையத்தில் ஒருவர் கேட்கிற விலையை விலை என்று நினைக்காதீர்கள். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்த பொருட்களை மட்டும் தனியாகப் பார்க்க முடியும். அதுதான் சந்தை விலை. அதுவும் வெளிநாட்டு வாங்குபவர்களுக்கான விலை. நம் ஊரில் அதே கத்திக்கு அவ்வளவு கொடுக்க ஆள் இருக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷெஃபீல்டு: படிக்க அருமை, வாங்கப் பொறுமை வேண்டும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களுக்கான சங்கம் 1624-லேயே அமைந்துவிட்டது. இந்தியாவில் பெயர் வாங்கிய கம்பெனி ஜோசப் ராட்ஜர்ஸ். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அதன் முத்திரை, 1682-இல் பதிவான குறி அது. பல கத்திகளில் "6 நார்ஃபோக் தெரு" என்று தொழிற்சாலை முகவரியையே அடித்திருப்பார்கள். கிரீடத்தோடு "வி ஆர்" என்று இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. "ஜி ஆர்" என்று இருந்தால் அவசரப்படக்கூடாது. ஜார்ஜ் என்ற பெயரில் பல ராஜாக்கள் இருந்தார்கள், விற்பவர் எப்போதும் மிகப் பழையவரைத்தான் சொல்வார்.

காலம் கணிக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891-லிருந்து "ஷெஃபீல்டு" என்ற பெயரோடு "இங்கிலாந்து" என்பதும் சேர்ந்தது. ஆகவே வெறும் ஷெஃபீல்டு மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் செய்யலாம், அதை மட்டுமே வைத்து முடிவு கட்டக்கூடாது. "ஸ்டெயின்லெஸ்" என்று இருந்தால் நிச்சயமாக 1913-க்குப் பிந்தையது, ஏனென்றால் ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியதே அந்த ஆண்டில்தான். விக்டோரியா காலத்து ஸ்டெயின்லெஸ் கத்தி என்று யாராவது நீட்டினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஷெஃபீல்டைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகச் சேலத்தில் இருந்தவர். அன்றைய சேலம் மாவட்டத்தில் நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து எஃகு உருக்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன, பணம் கொடுக்கவில்லை. வழக்கு நடத்தியே அவர் காலம் போனது. அந்தக் கத்திகளின் எஃகுக்குப் பின்னால் நம் பக்கத்து இரும்பைப் பார்த்துத் தொழில் பழகிய ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு ஷெஃபீல்டின் மேல் ஒரு தனிப் பிரியத்தை வைத்திருக்கிறது.

பிரியம் வேறு, முதலீடு வேறு. ராட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மவுசால் போலிகள் ஏராளம். எழுத்தை ஒன்று கூட்டிக் குறைத்து, நட்சத்திரத்தை மட்டும் போட்டு, சிலுவைக்குப் பதில் வேறு பூவைப் போட்டு என்று பல வகை. நல்ல ராட்ஜர்ஸ் நம் சந்தைகளில் அபூர்வம். கிடைத்தாலும் பிடியில் சிக்கல் இருக்கும், அதற்குத் தனியாக வருகிறேன்.

சோலிங்கன்

ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தரம் நன்றாக இருக்கும், விலை ஷெஃபீல்டை விடக் குறைவு. ஆனால் அங்கே கம்பெனிகள் எத்தனை என்று எண்ணவே முடியாது. இரட்டையர் முத்திரை போட்ட ஹெங்கெல்ஸ் (1731-இல் பதிந்த குறி), மரம் முத்திரை போட்ட போக்கர் இரண்டையும் தெரிந்துகொண்டால் தொடங்கலாம். "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில் செய்தது. சோலிங்கன் என்ற பெயருக்கே 1938-இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள், அதனால் முறையாகச் செய்யப்பட்ட கத்தியில் அந்தப் பெயர் இருந்தால் ஓரளவு நம்பலாம். கைபழகுவதற்கு நல்லது, விற்கும்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சுவிஸ்: விற்பது சுலபம்

விற்றால் உடனே காசாக வேண்டும் என்று நினைப்பவருக்கு விக்டோரினாக்ஸ்தான் என் சிபாரிசு. கார்ல் எல்சனர் 1884-இல் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. அதிகாரிகளுக்கான கத்தி 1897-இல் வந்தது. 1909-இல் தாய் இறந்த பிறகு அவர் பெயரான விக்டோரியாவையே முத்திரையாக வைத்தார். ஸ்டெயின்லெஸ் எஃகு வந்தபின் 1921-இல் "இனாக்ஸ்" சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. ஆகவே அலகில் வெறும் "விக்டோரியா" என்று இருக்கிற கத்தி கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் பேரம் பேசுங்கள். நம் பக்கம் கிடைப்பவை அவ்வளவு பழையவை அல்ல. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவை, ஓசூர் கம்பெனிகளுக்கு வந்துபோன வெளிநாட்டு இன்ஜினியர்கள் பரிசாகக் கொடுத்தவை, அந்த மாதிரி.

போட்டிக் கம்பெனியான வெங்கரை 2005-இல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. அதனால் வெங்கர் பெயர் போட்ட கத்தி இனி வராது, இருப்பவற்றைத் தேடி வாங்குகிறார்கள். விக்டோரினாக்ஸின் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும், வெங்கரில் முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வெறும் சிலுவை மட்டும் இருந்து, அலகின் அடியில் பெயரும் "சுவிட்சர்லாந்து" என்பதும் இல்லாவிட்டால் அது பஸ் ஸ்டாண்ட் சரக்கு.

சுவிஸ் கத்தியின் குறை என்னவென்றால், லட்சக்கணக்கில் செய்கிறார்கள். உங்களிடம் இருப்பது இன்னொருவரிடமும் இருக்கும். பிடிக்குள் செருகியிருக்கும் பல்குச்சியும் முள்வாங்கியும் தொலைந்திருந்தால் விலை இறங்கும், ஆனால் அவை தனியாகவே கிடைக்கின்றன.

பட்டாளத்துக் கத்தி

இரண்டாம் உலகப்போர்க் காலத்து மடக்குக்கத்திகளை நான் இரண்டாவது இடத்தில் வைப்பேன். கட்டம் கட்டமாக வெட்டிய கறுப்புப் பிடி, ஒரு தடித்த அலகு, டப்பா திறக்கும் கருவி, முடிச்சு அவிழ்க்கும் கூரான ஊசி, கயிறு கட்ட ஒரு வளையம். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் ஊகத்துக்கு வேலை குறைவு, பலவற்றில் ஆண்டையே அடித்திருப்பார்கள். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு அகன்ற அம்புக்குறி இருக்கும். அம்பு ஆங்கில "சி" எழுத்துக்குள் இருந்தால் கனடா. அம்போடு "ஐ" இருந்தால் இந்தியா. அந்த இந்தியக் குறி போட்டதுதான் நமக்கு வேண்டியது. வெளிநாட்டில் அதைப் பெரிதாக மதிக்காமல் போகலாம், இங்கே சேர்ப்பவர் அதை விடக்கூடாது.

தாத்தா பட்டாளத்தில் இருந்த வீடுகளில் டிரங்குப் பெட்டியில் இன்னும் இவை கிடக்கின்றன. வாங்கும்போது ரெஜிமென்ட், எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கே போனார் என்று கேட்டு எழுதி, அந்தச் சீட்டையும் கத்தியோடு வையுங்கள். சீட்டு இல்லாத கத்தியும் சீட்டு உள்ள கத்தியும் ஒரே விலைக்குப் போகாது.

ஒட்டுக்கத்தியை ஏன் முதலில் சொன்னேன்

தமிழ்நாட்டில் மாங்காய்க்குப் பெயர் போன மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் சுற்றுவட்டாரத்தில் நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. ஒட்டுக் கட்டும் முறை முன்பு நெருக்கு ஒட்டு, இப்போது பெரும்பாலும் இளந்தண்டு ஒட்டு. இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கத்தி தேவைப்பட்டது. உள்ளூர்க் கொல்லர் அடித்ததும் உண்டு, எங்கிருந்தோ வந்துசேர்ந்த வெளிநாட்டு மடக்குக்கத்தியும் உண்டு. ஷெஃபீல்டின் செய்னர் கம்பெனி கிளை வெட்டும் கத்திக்கும் ஒட்டுக்கத்திக்கும் பெயர் பெற்றது. ஜெர்மனியின் ராய்ட்லிங்கனில் 1854-லிருந்து இருக்கும் டீனா இன்றும் தோட்டக்காரர்களின் கத்தி. சுவிஸ் கம்பெனிகளும் செய்கின்றன. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்தான். படாவிட்டாலும் உள்ளூர்க் கத்தி இருக்கிறது, அதைச் சேர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

இந்தக் கத்தியைப் பார்க்கத் தெரிய வேண்டும். நல்ல ஒட்டுக்கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். வெட்டு சமமாக விழுந்து, தாய்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் இடைவெளியில்லாமல் பொருந்துவதற்காக. அதனால் வலதுகைக்காரர் கத்தி வேறு, இடதுகைக்காரர் கத்தி வேறு. இடதுகைக் கத்தி அரிது. விவரம் தெரியாத சாணைக்காரர் இரண்டு பக்கமும் தீட்டிவிட்டால் சேர்ப்பவருக்கு அது பாதிக்கத்தி. மொட்டு ஒட்டுக்கான கத்தியில், பட்டையைப் பூப்போலத் தூக்கிவிட முனையில் ஒரு மழுங்கிய தகடு இருக்கும், எலும்பிலோ பித்தளையிலோ. அது உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளை வெட்டும் கத்தி கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும். வளைவு நேராகியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு பிரச்சினை உண்டு. வேலை செய்த கத்தி என்பதால் புத்தம்புதிதுபோல இருக்காது. மாம்பால் பட்டு அலகு கறுத்திருக்கும். ஷெஃபீல்டு சேர்ப்பவர்கள் ஒதுக்குகிற இந்தத் தேய்மானத்தை, அலகு முக்கால்வாசி மிச்சமிருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். விலையும் அதற்கேற்ற மாதிரி சில நூறுகளில் முடியும். ஏமாந்தாலும் சில நூறுதான் ஏமாறுவீர்கள், அதற்குள் கண் பழகிவிடும்.

இன்னொன்று, விற்பவர் எதிரில் இருக்கிறார். ஒரு பண்ணையில் பெரியவர் ஒருவர், "இத வெச்சு நீங்க என்னங்க பண்ணப் போறீங்க? மொன்னையா இல்ல போச்சு" என்றார். "சும்மா பார்க்கத்தாங்க ஐயா" என்றதும், தன் அப்பா அந்தக் கத்தியால் எந்தத் தோட்டத்துக்கெல்லாம் ஒட்டுக் கட்டினார் என்று மத்தியானம் வரை சொன்னார். செந்தூரா, நீலம், மல்கோவா என்று வகைவாரியாகச் சொன்னார். எந்த ஏலத்திலும் இந்த விவரம் கூட வராது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கவும்: இன்னும் வேலையில் இருக்கிற கத்தியைக் கேட்காதீர்கள். பழகின கத்தியைக் கொடுத்துவிட்டு அவர் கஷ்டப்படுவார்.

பிடியும் சட்டமும்

இது நம் பகுதியில் மிக முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகள் யானை நடமாடும் இடம். தந்தம் என்ற பேச்சு எழுந்தாலே வனத்துறை சும்மா இருக்காது. இந்திய யானைத் தந்தத்தின் வியாபாரம் 1986-லும் ஆப்பிரிக்கத் தந்தத்தின் வியாபாரம் 1991-லும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடையானது. "நூறு வருஷத்துக்கு முந்தியது சார்" என்பது விற்பதற்கு அனுமதி ஆகாது. நல்ல ஷெஃபீல்டு கத்திகளில் தந்தப் பிடி சாதாரணம், அதனால்தான் ஷெஃபீல்டை முதலில் வேண்டாம் என்றேன். இந்தியக் கடமான் கொம்பும் அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக அங்கே போனது. மான் கொம்பும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. இரண்டையும் தொடாதீர்கள்.

அடையாளம் காண்பது எப்படி? தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வலைக்கோடுகள் தெரியும். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். எருமைக்கொம்பு அடுக்கடுக்காக உரியும், பூச்சியும் அரிக்கும். தந்தம்போல வெளுத்த செல்லுலாய்டு ஒன்று உண்டு. துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். சட்டத்துக்கு அது பிரச்சினையில்லை, உங்கள் பெட்டிக்குப் பிரச்சினை. செல்லுலாய்டு காலப்போக்கில் சிதைந்து அமில ஆவி விடும், பக்கத்தில் இருக்கிற கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். நம் ஏப்ரல், மே வெயிலில் தகர ஷீட் வீட்டுப் பரணில் வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகலாம். அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஈபேயில் நல்ல விலை வருகிறதே என்று அங்கே விற்க நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆயுதச் சட்ட விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. பேனாக்கத்தி அந்த அளவை நெருங்காது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற ராம்பூரி வகையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், போலீஸ்காரர் சேகரிப்பு என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். வாங்கிய கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, வாங்கிய சீட்டையும் கூட வையுங்கள்.

எங்கே தேடுவது, எப்படி வைப்பது

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் பழைய இரும்பு விரிப்பவர்களிடம் காலையிலேயே போக வேண்டும். கத்திகளைத் தனியாக வைத்திருக்க மாட்டார்கள், பூட்டு, கீல், பம்ப் வால்வுக்கு அடியில் கிடக்கும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் ஒதுக்கி வைப்பார், ஆனால் நீங்கள் ஆசைப்படுவது தெரிந்தால் விலை ஏறும். பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் நடக்கும் சண்டே பஜார் இங்கிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற தூரம். சுவிஸும் சோலிங்கனும் அங்கே கிடைக்கும், போலியும் அங்கேதான் அதிகம்.

வாங்கி வந்ததும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கீல் பகுதியைத் துடைத்து, பல்குச்சியால் அழுக்கை எடுத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். தோல் உறையில் போட்டு வைக்கவும் வேண்டாம், ஈரத்தை இழுத்து அலகில் துருவை ஏற்றும்.

பர்கூர் தம்பிக்கு நான் சொன்ன பங்கீடு இது: இரண்டாயிரத்துக்குள் ஒட்டுக்கத்திகள், நாலைந்து கிடைக்கும். மூவாயிரம் வரை ஒரு பட்டாளத்துக் கத்தி, இந்தியக் குறியோடு இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அதே அளவு ஒரு பழைய சுவிஸ், அவசரத்துக்கு விற்பதற்காக. மீதியில் நூறோ இருநூறோ செலவு செய்து பூதக்கண்ணாடி வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் வைக்கட்டும். எலும்புப் பிடி போட்ட ராட்ஜர்ஸ், முழு அலகோடு என்றாவது எதிரில் வந்தால் அன்றைக்குக் கையில் காசு இருக்க வேண்டும்.